ஆதிமனிதன் வெண்ணெய் தின்றானா?

கேள்வி: என் கணவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. ஆதிமனிதன் தானியத்தைத் தொடவில்லை, நமக்கும் வேண்டாம் என்று சொல்லும் பேலியோ உணவில் இரண்டு மாதமாக இருக்கிறார். காலையில் நூறு பாதாமும் பட்டர் டீயும், மதியம் பனீர், இரவு கறி. எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைந்துவிட்டன. இப்போது, "ஆதிமனிதன் மாத்திரையா போட்டான்?" என்று மாத்திரையை நிறுத்தப் போகிறார். சரியா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தவறு. அவரை உடனே தடுத்து நிறுத்துங்கள்.

சர்க்கரை இறங்கியதை நம்புகிறேன். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று சாப்பிட்டவர் அதையெல்லாம் விட்டால் இறங்கத்தான் செய்யும், அந்தப் பெருமை அவருக்கே சேரட்டும், ஆதிமனிதனுக்கு அதில் பங்கில்லை. மனிதன் ஆடு மாடு வளர்க்கத் தொடங்கியே சுமார் பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன, அதற்கு முன்னால் வெண்ணெய் ஏது, பனீர் ஏது? காட்டுப் பாதாம் கசக்கும், உடம்புக்குள் போனால் சயனைடு உண்டாகும். உங்கள் வீட்டில் ஊற வைக்கிற பாதாம், கசக்காத மரமாகப் பார்த்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது.

ஆதிமனிதன் தானியத்தைத் தொடவே இல்லை என்பதும் பொய். இஸ்ரேலில் கலிலேயக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுத் தானியம் அரைத்த கல் கிடைத்திருக்கிறது. ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கு முன் சுட்ட ரொட்டியின் கருகிய துண்டுகளே கிடைத்திருக்கின்றன, அப்போது விவசாயமே பிறக்கவில்லை. இன்றும் தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் கிழங்கும் தேனும் நிறையச் சாப்பிடுகிறார்கள். வடதுருவப் பனியில் வாழ்ந்த இனுவிட் மக்களுக்கோ கடல்நாய்க் கறியும் கொழுப்பும்தான் சோறு. அவரவர் இடத்தில் கிடைத்ததைத் தின்றார்கள், இதில் எதை ஆதிமனித உணவு என்பது?

அவர் சாப்பாட்டை மாற்றியது பற்றி எனக்குச் சண்டை இல்லை. மாத்திரை விஷயம்தான் பயமாக இருக்கிறது. தானாக நிறுத்தினால், சோறு தட்டுக்குத் திரும்பும் நாளில் சர்க்கரை எகிறும், அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் அதற்குள் விட்டுப்போயிருக்கும். பழைய அளவிலேயே தொடர்வதும் ஆபத்துதான்! கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருப்பதும் உண்டு, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், டோஸைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கெட்ட கொழுப்புக்கும் ஒரு டெஸ்ட் எடுங்கள், இந்த உணவில் சிலருக்கு அது நன்றாகவே ஏறுகிறது. அதுவரை வீட்டில் குளுக்கோஸ் வாங்கி வையுங்கள். சர்க்கரை தாழ்ந்து உங்கள் கணவருக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே கரைத்துக் கொடுங்கள், பேலியோவில் சர்க்கரை கூடாதே என்று அவர் மறுத்தாலும் விடாதீர்கள்.