மாலமியூட் நாய்க்குட்டிக்கு முற்பணம் அனுப்பலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறோம். ஒன்பது வயது மகன் அலாஸ்கன் மாலமியூட் குட்டிதான் வேண்டும் என்று நிற்கிறான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இணையத்தில் ஒருவர் குட்டி விற்கிறார். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கனேடியன் கெனல் கிளப்பின் பதிவுப் பத்திரம் வேண்டுமென்றால் தனியாகக் காசு கேட்கிறார். முற்பணம் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. தூய இனம் என்று சொல்லி விற்பவர், விற்ற ஆறு மாதத்துக்குள் பதிவுச் சான்றிதழை உங்கள் பெயருக்கு மாற்றித் தரவேண்டும் என்பது கனடாச் சட்டம். அதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்பது கெனல் கிளப் விதி. மைக்ரோசிப்போ பச்சை குத்திய அடையாளமோ இல்லாமல் குட்டி அவர் வீட்டைவிட்டு வெளியே வரவும் கூடாது. நல்ல வளர்ப்பாளர், தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்-ரே, கண் பரிசோதனை, பாலிநியூரோபதி என்ற பரம்பரை நரம்பு நோய்க்கான மரபணுச் சோதனை ஆகியவற்றின் முடிவுகளைத் தானாகவே எடுத்துக் காட்டுவார்.

பத்திரம் சரியாக இருந்தாலும் எனக்குக் கவலை வேறு. வளர்ந்த ஆண் மாலமியூட் ஏறக்குறைய 38 கிலோ வரும்; உங்கள் மகனைவிடப் பாரம். அலாஸ்காவின் வடமேற்கில், கொட்ஸெபியூ குடாக் கரையோரம் வாழ்ந்த மாலமியூட் இனுயிட் மக்கள் பாரச் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய் இது. ஹஸ்கி நாய் வேகத்துக்கு, இது பாரத்துக்கு. வாரைப் பிடித்ததும் இழுக்கிறதே என்று அதைக் கோபித்துப் பயனில்லை. அதன் பிறவித் தொழிலே அதுதான். மகன் கையில் தனியாகக் கொடுக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் பதினொரு வருடம் ஒன்று இருந்தது. குரைத்தது குறைவு. ஆனால் தனியே விட்டுப் போனால் ஊளையிடும், தெருமுனைவரை கேட்கும். கோடையில் குளிர்ந்த மண் தேடிக் கத்தரிப் பாத்தி முழுவதையும் தோண்டிப் போடும். வருடத்தில் இரண்டு தடவை உள்மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து சோற்றுக் கோப்பைவரை வரும். பூனை, முயல் கண்டால் துரத்தும். காவலுக்கும் ஆகாது, வாசலில் யார் வந்தாலும் உறவுக்காரர் மாதிரி வரவேற்கும். அந்த அன்புக்காகவே அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது நான் வீட்டில் இருந்தேன்.

நீங்கள் இருவரும் பகல் முழுக்க வெளியே. நாளுக்கு இரண்டு நீண்ட நடை, மைனஸ் 20இலும், யார் போவது? அதற்குப் பதில் கிடைத்த பிறகு, குட்டியை விட்டுவிட்டு, காப்பகத்தில் இருக்கும் வளர்ந்த நாய் ஒன்றைப் பாருங்கள். அதன் குணம் முன்கூட்டியே தெரியும். மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போய்ப் பழகிப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் மாலமியூட்டுக்கு ஜூலை வெயிலுக்கு மயிரை மழிக்கலாமா? (மிசிசாகா வாசகர்)

பதில்: வேண்டாம். மேல்மயிர்தான் வெயிலைத் தடுக்கிறது. மழித்தால் சிலவேளை பழையபடி வளராது. உதிர்ந்த உள்மயிரைச் சீவி எடுங்கள், விடியற்காலையில் நடத்துங்கள், பகலில் ஏசி அறையில் விடுங்கள்.