இயந்திரக் குரலில் வரும் கடன் வசூல் அழைப்புகள்: கடன் பெற்றவருக்கு உள்ள உரிமைகள்

கேள்வி: கோத்தகிரி அருகே அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். நுண்கடன் நிறுவனம் ஒன்றில் 60,000 ரூபாய் கடன் பெற்றேன். பச்சைத் தேயிலை விலை இறங்கியதால் இரண்டு தவணைகள் நின்றுவிட்டன. இப்போது காலை ஆறரை மணி முதல் இரவு வரை ஒரு பதிவுக் குரல் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே நாளில் 20 முறைக்கு மேல் வந்ததும் உண்டு. எடுத்தால் பதில் பேச ஆள் இல்லை. "போலீஸ் நடவடிக்கை" என்று அந்தக் குரல் சொல்கிறது. குன்னூரில் இருக்கும் என் தங்கைக்கும் அதே அழைப்பு போகிறது. கடன் என்னுடையதுதான் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? எண்ணை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை; எண்ணை மாற்றவும் வேண்டாம். நீங்கள் தர வேண்டிய பணம் ஒரு கணக்கு. அதை வசூலிக்க நிறுவனம் கையாளும் முறை வேறொரு கணக்கு. முதல் கணக்கில் நிலுவை வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக இரண்டாவது கணக்கில் நிறுவனம் வரம்பு மீறலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எண்ணை மாற்றினால் நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் "தொடர்பில் இல்லாதவர்" ஆகிவிடுவீர்கள். அதன் பிறகு தங்கைக்குப் போகும் அழைப்புகள்தான் கூடும்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு எதுவும் வாங்காமல் கொடுக்கப்படும் கடனையே ரிசர்வ் வங்கி நுண்கடன் என்கிறது. 2022 மார்ச் 14 அன்று வெளியான அதன் நுண்கடன் நெறிமுறைகள், வசூலில் எவையெல்லாம் கடுமையான முறைகள் என்பதை வெளிப்படையாகவே சொல்லி, அவற்றைத் தடை செய்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைப்பது அதில் வருகிறது. எந்த நேரமானாலும் ஓயாமல் அழைப்பதும் வருகிறது. உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்துவது, மிரட்டிப் பேசுவது, கடன் பெற்றவரின் பெயரை ஊரறிய வெளியிடுவது, கடனின் அளவைப் பற்றியோ செலுத்தாவிட்டால் நேரும் விளைவைப் பற்றியோ தவறான எண்ணத்தை உண்டாக்குவது ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. உங்கள் ஒரு கடிதத்திலேயே இவற்றில் நான்கு மீறல்கள் தெரிகின்றன. மற்ற கடன்களுக்கு 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கைப்படி காலை 8 முதல் இரவு 7 வரை அழைக்கலாம். அந்த நேரத்தைக் காட்டி உங்களுக்கு யாராவது பதில் சொன்னால், அது நுண்கடனுக்குப் பொருந்தாது என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

பேசுவது மனிதரல்ல, இயந்திரம்தான் என்பதால் நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. நெறிமுறை அழைப்பைத்தான் பார்க்கிறது. அழைப்பது ஆளா இயந்திரமா என்று பார்ப்பதில்லை. வசூல் வேலையை வெளி முகமையிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு கடன் கொடுத்த நிறுவனத்துடையதே. நம் மலைப்பகுதிக்கு இதில் ஒரு தனித் துன்பமும் உண்டு. தானியங்கி அழைப்பு முறை, எடுக்கப்படாத அழைப்பையும் பாதியில் அறுந்த அழைப்பையும் "பதில் இல்லை" என்று குறித்துக்கொண்டு மீண்டும் அழைக்கும் வகையில் அமைக்கப்பட்டிருக்கலாம். சரிவில் இலை பறிக்கும்போது சிக்னல் போய் அழைப்பு அறுந்தால், நீங்கள் வேண்டுமென்றே துண்டித்ததாக அது எடுத்துக்கொள்ளும். 20 அழைப்புகளுக்கு இதுவே காரணமாக இருந்தாலும், அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அந்த முறையை இயக்குபவர்களே.

ஒவ்வொரு அழைப்புக்கும் இழப்பீடு கிடைக்கும் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவுவதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. முன் ஒப்புதல் இல்லாத பதிவுக் குரல் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கோர வழி செய்யும் 1991-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு அழைப்புக்கு மேல் கூடாது என்ற 2021-ஆம் ஆண்டு விதியும் அமெரிக்காவில் உள்ளவை. நம் விதியில் எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை. "ஓயாமல் அழைப்பது" என்பதை நீங்கள்தான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

ஆகவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பச்சைத் தேயிலை எடைச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைப்பீர்கள் அல்லவா, அதே கவனம் இங்கும் வேண்டும். தேதி, நேரம், வந்த எண், குரல் சொன்ன வாசகம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். எண்ணை பிளாக் செய்துவிட்டு, பட்டியலையும் அழித்துவிட்டு என்னிடம் வருவோர் பலர். அவர்கள் பட்ட துன்பம் உண்மை. ஆனால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. பதிவுகளை மூலக் கைப்பேசியிலேயே விட்டுவையுங்கள்; வழக்கு என்று வந்தால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி அவற்றுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

"போலீஸ்" என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். வருமானம் குறைந்து தவணை தவறுவது உரிமையியல் (சிவில்) விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் ஆவணம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. காசோலையோ வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் ஆணையோ பணமின்றித் திரும்பினால் அதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் அதை மட்டும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பணம் கட்டச் சொல்லி இணைப்பு அனுப்பினாலோ தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தாலோ, அதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். கடன் விவரம் தெரிந்த மோசடிக்காரர்களும் அழைக்கிறார்கள்; ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

தொல்லை அழைப்புத் தடைப் பட்டியலில் எண்ணைப் பதிவு செய்தால் இது நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பதிவு விளம்பர அழைப்புகளுக்கானது; ஏற்கெனவே கடன் கொடுத்தவரின் அழைப்பை அது தடுக்காது. எனினும் நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென 1600 வரிசை எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து பதிவுக் குரல் வந்தால், ஏழு நாட்களுக்குள் 1909 வழியாக உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.

அடுத்த வேலை கடிதம் எழுதுவது. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். கடன் கொடுத்தபோது நிறுவனம் தந்த கடன் விவர அட்டையில் (லோன் கார்டு) குறைதீர்ப்பு அலுவலரின் விவரம் இருக்க வேண்டும். அவருக்கு இப்படி எழுதலாம்: "என் கடன் நிலுவையை நான் மறுக்கவில்லை. இணைத்துள்ள பட்டியலின்படி தடை செய்யப்பட்ட நேரங்களிலும் அளவுக்கு மீறியும் எனக்குப் பதிவுக் குரல் அழைப்புகள் வருகின்றன. ஜாமீன்தாரர் அல்லாத என் தங்கைக்கும் வருகின்றன. இவற்றை உடனே நிறுத்த வேண்டும். தொழிற்சாலையில் இலைப் பணம் பெறும் தேதிக்கு ஏற்ப என் தவணையை மாற்றித் தரவும், நிலுவையைப் பிரித்துக் கட்ட வழி செய்யவும் கோருகிறேன்." இந்தக் கடைசி வரியைத் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். திருப்பிச் செலுத்தும் கால இடைவெளியைக் கடன் பெற்றவரின் தேவைக்கேற்ப அமைக்கும் கொள்கையும், தவணை கட்டத் திணறுவோரைக் கண்டறிந்து வழிகாட்டும் ஏற்பாடும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்று அதே நெறிமுறைகள் சொல்கின்றன. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. கடிதத்தை விரைவு அஞ்சலில் பதிவு செய்து அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். சி.எம்.எஸ். என்ற அதன் புகார் இணையதளத்திலோ, சண்டிகரில் உள்ள புகார் மையத்துக்குத் தபாலிலோ அனுப்பலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448 என்ற எண் உண்டு. அப்போதும் தீராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். குரலோ ஆளோ உடலுக்கோ மானத்துக்கோ கேடு செய்வதாக மிரட்டினால் 30 நாள் காத்திருக்க வேண்டாம். அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 351-ஆம் பிரிவின்கீழ் குற்றம், நேராகக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 வழியாகவோ கேளுங்கள்.

தங்கையைப் பற்றி ஒன்று. தொடர்புக்கு என்று எண் கொடுக்கப்பட்டவர் ஜாமீன்தாரர் ஆகிவிடமாட்டார். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே கடனுக்கு அவரும் பொறுப்பு. அப்படிக் கையெழுத்திடவில்லை என்றால், "நான் கட்டிவிடுகிறேன்" என்று அச்சத்தில் அவர் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். தமக்கு வரும் அழைப்புகளை அவரும் தனி நோட்டில் எழுதி, அதன் நகலை உங்கள் கடிதத்தோடு இணைக்கக் கொடுத்தனுப்பட்டும்.