கேளுங்கள், சொல்கிறோம்: வீடும் வளவும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் இருந்த நாற்சார் வீட்டை இடித்துவிட்டு 12 குடும்பங்களுக்கு நாலு மாடித் தொடர்மாடி எழுப்புகிறார்கள். றோட்டுப் பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, எங்கள் முற்றத்துப் பக்கம் வெறுஞ்சுவர். பார்க்கவே சகிக்கவில்லை. தடுக்க வழியுண்டா?
– வாசகி, நல்லூர்

பதில்: வடிவில்லை என்று எழுதிக் கொடுக்கும் மனு கோப்புக்குள்ளேயே தூங்கும், அம்மா. நீங்கள் பார்க்கவேண்டியது உங்கள் கிணற்றை.

வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் 5,760 லீற்றர் கழிவுநீர். முன்பு ஒரு குடும்பத்தின் 500 லீற்றர் இறங்கிய அதே வளவுக்குள் இனி இவ்வளவும் இறங்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான கல் மண்ணைப்போல வடித்துத் தராது. அதனால் மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடி தள்ளித்தானே இருக்கிறது என்று ஆறுதலடைய முடியாது. குழாய்க்கிணறு அடித்து மோட்டரால் இழுத்தால் இன்னொரு வில்லங்கம்: இங்கே நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், கணக்குப்படி அடியிலுள்ள உவர்நீர் 40 அடி ஏறும்.

ஆட்கள் குடிவரமுன், இப்போதே தண்ணீரைச் சோதித்து அறிக்கையை வைத்திருங்கள். முன்னைய அறிக்கை இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க இயலாது. நைத்திரேற்று (கழிவிலிருந்து நீரில் கரையும் உப்பு), ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி), மின்கடத்துதிறன் (உவர் ஏறியதைக் காட்டும் அளவு) மூன்றும் போதும். மாரி முடிந்ததும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். ஈ.கோலைக்குக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அங்கீகரித்த வரைபடத்தின் பிரதியை மாநகரசபையிடம் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கையில் கிடைத்ததும் நாடாவைப் பிடித்து மூன்றைப் பாருங்கள்: மதிலிலிருந்து விட்ட இடைவெளி, மாடிகளின் எண்ணிக்கை, மலக்குழி இருக்கும் இடம். கட்டுவது வரைபடத்திலிருந்து விலகியிருந்தால் அந்த அளவை மாநகர ஆணையாளருக்கு எழுதி, பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்புங்கள். அளவில்லாத முறைப்பாட்டுக்குப் பலமில்லை.

வெறுஞ்சுவரை மறைக்க மதிலோரம் 5 அடிக்கொரு கமுகு வையுங்கள். வேம்பு வேண்டாம், வேர் மதிலைத் தூக்கிவிடும்.

கேள்வி: புதுக்கட்டடங்கள் இரண்டு மாரிக்குள் கறுத்துப்போகின்றனவே, பெயின்ற் மட்டமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: பெரும்பாலும் பெயின்றில் குற்றமில்லை. பழைய ஓட்டு வீட்டின் தாழ்வாரம் மழையைச் சுவருக்கு வெளியே வீசியது. இப்போது கூரை சுவரோடு மட்டமாக முடிகிறது. யன்னல்மேல் தட்டுப் போட்டாலும், அதன் அடியில் விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே அரை அங்குலப் பள்ளக்கோடு இழுக்க மறந்துவிடுகிறார்கள். கோடு இருந்தால் நீர் அங்கேயே சொட்டும். இல்லையென்றால் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரில் இறங்கும், பாசி பிடிக்கும். மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையை உள்ளே சரித்துப் பூசாததும் இதே வேலையைச் செய்யும்.

கறுப்புக்குப் பதில் செம்மண் நிறக் கோடு வந்தால் விஷயம் வேறு. உவர்த்தண்ணீரில் கொங்கிறீற் குழைத்திருக்கலாம், உள்ளே கம்பி கறள் பிடிக்கிறது. அதன்மேல் பெயின்ற் பூசவேண்டாம், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.