எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவரின் அனுபவத்தை எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் மனைவிக்கு உடற்பருமன் அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும், உங்கள் ஊரிலேயே 25 ஆண்டு அனுபவமுள்ள பொது அறுவை மருத்துவர் ஒருவர் இருக்க, மதுரையில் 8 ஆண்டுகளாக இந்த அறுவையை மட்டுமே செய்துவரும் மற்றொருவர் இருப்பதால் யாரிடம் செல்வது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில்தான் நானும் நின்றேன். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, பள்ளி ஆசிரியை. ஆனாலும் முடிவெடுப்பதற்கு முன் ஐந்து மாதங்கள் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வைத்து எழுதுகிறேன். என் பதில் இதுதான்: ஆண்டுக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மனைவிக்குச் செய்யப்போகும் அதே அறுவையைக் கடந்த ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குச் செய்தார், அவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று இருவரிடமும் கேளுங்கள்.

அப்போது எனக்கு 43 வயது. எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை என் கணவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். நான் முதலில் சென்றது எங்கள் குடும்பத்துக்கு நன்கு பழக்கமான ஒரு மூத்த அறுவை மருத்துவரிடம். என் மாமனாரின் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கருவிகளை நுழைத்து, எடுத்து, மூன்றாம் நாளே அவரை வீட்டுக்கு அனுப்பியவர். அவர் கையில் உயிரை ஒப்படைக்கலாம் என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினோம். எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, லேப்ராஸ்கோப்பியில் ஆயிரக்கணக்கில் செய்திருப்பதாகச் சொன்னார். எடைக் குறைப்புக்காக மட்டும் எத்தனை என்று தயங்கித் தயங்கி மறுபடி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சென்ற ஆண்டு ஏழு என்றார். அந்த நேர்மைக்காக இன்றும் அவரை மதிக்கிறேன், ஆனால் அந்த ஏழு என்ற எண்தான் என்னை மேலும் தேட வைத்தது.

பித்தப்பையை எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன். எடைக் குறைப்புக்கான பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி, ஒரு முனையை அந்தப் பையோடும் மற்றொரு முனையைக் குடலின் கீழ்ப்பகுதியோடும் இணைக்கிறார்கள். ஆக இரண்டு இணைப்புகள், நீளமான ஸ்டேப்ளர் தையல் வரிகள், பின்னாளில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளக்கூடிய இடைவெளிகளை அடைக்கும் வேலை என அனைத்தையும், தடித்த வயிற்றுச் சுவருக்குள் நுழைத்த கருவிகளால், கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையை மறைத்துக் கொண்டிருக்கும் நிலையில் செய்து முடிக்க வேண்டும். மற்றொரு வகையான, இரைப்பையை ஒடுங்கிய குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் அறுவை எளிது என்று பலர் சொல்வார்கள். அதில் இணைப்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வெட்டி நீக்கிவிடுகிறார்கள், அதைத் திரும்ப வைக்க முடியாது. உணவுக்குழாயை ஒட்டிய மேல்முனையில் தையல் கசிந்தால் அது ஆற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர்கள் 2003இல் தங்கள் சொந்தக் கணக்கையே ஆராய்ந்து, லேப்ராஸ்கோப்பி பைபாஸில் கை படிய ஏறத்தாழ 100 அறுவைகள் ஆகின்றன என்று எழுதினார்கள். ஆண்டுக்கு ஏழு செய்பவர் அந்த எண்ணைத் தொட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மனத்தை முற்றாக மாற்றியது மிச்சிகன் மாநில ஆய்வு. அதன் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அங்கு இந்த அறுவையைச் செய்யும் 20 மருத்துவர்கள், தாங்கள் செய்த பைபாஸ் அறுவையின் காணொளி ஒன்றைத் தாமாகவே முன்வந்து கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல், ஒவ்வொரு காணொளியையும் குறைந்தது பத்து சக மருத்துவர்கள் பார்த்து ஐந்துக்கு மதிப்பெண் இட்டார்கள். மதிப்பெண்கள் 2.6 முதல் 4.8 வரை பரவிக் கிடந்தன. பிறகு அதே மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, திறமையில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. முதல் கால்பங்கில் இருந்தவர்களிடம் அது 5.2 விழுக்காடுதான். இறப்பு விகிதம் 0.26க்கு 0.05 விழுக்காடு, அதாவது ஐந்து மடங்கு வேறுபாடு. அனைவரும் ஒரே மாநிலத்தில், ஒரே தரக் கண்காணிப்பு அமைப்பில் உறுப்பினராக இருந்தவர்கள். இந்தத் துறையில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதற்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. ஆண்டுதோறும் அதிக எண்ணிக்கையில் செய்தவர்களே பெரும்பாலும் மேலே இருந்தார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே மிச்சிகன் குழு 2016இல் ஓராண்டுக்குப் பிந்தைய நிலையை ஆராய்ந்தபோது, கைத்திறன் மிக்கவரிடம் செய்துகொண்டவர்கள் கூடுதலாக எடை குறைந்துவிடவில்லை என்று தெரியவந்தது. எனவே அதிகம் செய்யும் மருத்துவரைத் தேடுவது அதிகக் கிலோ குறையும் என்பதற்காக அல்ல, முதல் மாதத்தைப் பாதுகாப்பாகக் கடப்பதற்காக. அதற்குப் பிறகு உணவும், நடையும், பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் விடாமல் எடுப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

நான் இரண்டாவதாகச் சந்தித்தவர் கோயம்புத்தூரில் இருந்தார். இந்தத் துறைக்கு வந்து 9 ஆண்டுகளே ஆகியிருந்தன. என் கேள்விகளைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. கடந்த ஆண்டு செய்தவை எத்தனை, அவற்றில் பைபாஸ் எத்தனை, ஸ்லீவ் எத்தனை, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது எத்தனை பேருக்கு என்று கணினியில் பார்த்து வரிசையாகச் சொன்னார். கசிவு ஏற்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி, அது எந்த நாளில் தெரிந்தது, எப்படிச் சமாளித்தார்கள், அவர் வீடு திரும்ப எத்தனை நாளாயிற்று என்பதை நான் கேட்காமலே விவரித்தார். எனக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால், ஒன்று அவர் மிகக் குறைவாகச் செய்திருக்கிறார், அல்லது கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றே நான் எண்ணியிருப்பேன்.

மற்றொன்றும் அங்கேதான் விளங்கியது. முதல் மருத்துவர் ஸ்லீவ் போதும் என்றிருந்தார், அவர் செய்வதும் அது ஒன்றைத்தான். இவரோ எனக்குப் பல ஆண்டுகளாக இருந்த நெஞ்செரிச்சலை விசாரித்து, எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, ஸ்லீவ் அதை மேலும் மோசமாக்கக்கூடும் என்பதால் பைபாஸைப் பரிந்துரைத்தார். இரண்டையும் நன்றாகச் செய்யத் தெரிந்தவரால்தான் நோயாளிக்கு எது பொருந்தும் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. ஆகவே உங்கள் மனைவிக்கு எந்த அறுவை, ஏன் அது, மற்றொன்று ஏன் வேண்டாம் என்று இருவரிடமும் காரணம் கேளுங்கள்.

மருத்துவமனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2006 முதல், ஆண்டுக்கு 125 அறுவைகள் போன்ற எண்ணிக்கை வரம்புகளோடு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இந்த அறுவையைச் செய்தால் மட்டுமே பணம் தந்தது. 2013இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. நம் ஊரில் நாமே பார்க்க வேண்டியவை, தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா, அதே கட்டடத்தில் முழு வசதியுள்ள ஐ.சி.யூ. இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா என்பவை.

இதை நான் வெறும் படிப்பிலிருந்து சொல்லவில்லை. கோயம்புத்தூர் மருத்துவரிடமே அறுவை செய்துகொண்டு, அங்கே என் சித்தி வீட்டுக்குத் திரும்பிய பின், அறுவை முடிந்த ஆறாம் நாள் இரவு, எனக்கு இதயத் துடிப்பு 124க்கு ஏறியது. வலி பெரிதாக இல்லை, காய்ச்சலும் இல்லை. கொடுத்திருந்த எண்ணில் என் கணவர் அழைத்ததும், பேசிய செவிலியர் துடிப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரமாக என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, உடனே கிளம்பி வாருங்கள் என்றார். வலிக்கு முன்பே இதயத் துடிப்பு உயர்வது கசிவின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை அந்த மருத்துவமனையில் அனைவரும் அறிந்திருந்தார்கள். ஸ்கேனில் கசிவு இல்லை. நான் போதிய தண்ணீர் குடிக்காததால் உடல் வறண்டிருந்தது, இரண்டு பாட்டில் டிரிப்பில் சரியாயிற்று. ஆனால் அந்த இரவில், காலையில் பார்க்கலாம், வாயுவாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்து, உண்மையில் கசிவாகவும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் விஷயத்தில், எண்ணிக்கை எதிர்பார்த்தபடியே இருந்தால், நான் மதுரையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தூரம் மட்டுமே தடை என்றால், அறுவை முடிந்து முதல் இரண்டு வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே ஒரு வீட்டையோ உறவினர் இல்லத்தையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாங்கள் சித்தி வீட்டில் பதினாறு நாள் தங்கினோம். உள்ளூர் மருத்துவரையும் கைவிட வேண்டாம். அறுவைக் குறிப்பின் நகலை அவரிடம் கொடுத்து வையுங்கள். அவசரத்தில் முதலில் அவர்தான் உங்கள் மனைவியைப் பார்க்கப் போகிறார், உள்ளே குடல் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.