சீசன் காசும் அத்தானின் வானும்

கேள்வி: எனக்கு 27 வயது. கொட்டாஞ்சேனையில் அம்மா, தங்கச்சியுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் சுற்றுலா ரயிலில் சாப்பாடு பரிமாறும் ஒப்பந்தக் கம்பனியில் மூன்று வருடமாக வேலை. டிசம்பர் முதல் மார்ச் வரையும், பிறகு ஜூலை, ஆகஸ்டிலும் சம்பளம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 120,000 ரூபா வரும். மற்ற மாதங்களில் 40,000தான். வீட்டுக்கு 45,000 கொடுக்கிறேன், மீதியைத் தங்கச்சி தன் சம்பளத்தில் பார்க்கிறாள். என் செலவு 18,000. இரண்டு வருடத்துக்கு முன் அத்தான் ஹயர் ஓட ஐந்து வருட லீசிங்கில் வான் எடுத்தார். தவணை 70,000. பாதியை நான் கட்டுகிறேன், பிணையும் நான்தான். ஓப் சீசனில் காசு போதாமல் போகும்போது அம்மாவின் அட்டியல், காப்பு, சங்கிலியை அடகு வைத்தேன். மூன்று சீட்டுகளில் இப்போது 520,000 நிற்கிறது, நூற்றுக்கு மாதம் 2 ரூபா வட்டி. தங்கச்சிக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முழுத்தொகை அம்மாவுக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. காசு எங்கே போகிறது என்றே விளங்கவில்லை. இந்த ஜூலை, ஆகஸ்ட் டிப்ஸை யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் போட்டால் மாதம் 8 வீதம் வரும் என்று கூட வேலை செய்யும் பொடியன் சொல்கிறான். போடலாமா?

பதில்: தம்பி, காசு எங்கே போகிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஒரு பென்சிலை எடுங்கள்.

சீசன் மாதங்கள் ஆறு, 720,000. மற்ற ஆறு மாதம் 240,000. வருடத்துக்கு 960,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 80,000. உங்கள் சம்பளம் அதுதான், 120,000 அல்ல. வீட்டுக்கும் உங்களுக்குமாக 63,000 போக மிஞ்சுவது 17,000. அந்த 17,000இலிருந்து வானுக்கு 35,000 கட்டுகிறீர்கள். மாதம் 18,000 துண்டு விழுகிறது, வருடத்துக்கு 216,000, இரண்டு வருடத்துக்கு 432,000. அதன்மேல் அடகு வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். கடையில் நிற்கும் 520,000க்குக் கிட்ட வந்துவிடும். வான் ஓடுவது சில்லில் அல்ல, அம்மாவின் அட்டியலில்.

இவ்வளவு நாள் இது கண்ணில் படாததற்குக் காரணம் சீசன். எல்ல ஸ்டேசனில் வெள்ளைக்காரர் இறங்கும்போது கையில் தாள் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வாரம் நீங்கள் பணக்காரர். ஓகஸ்டில் ஒரு சீட்டை மீட்கிறீர்கள், ஒக்டோபரில் திரும்ப வைக்கிறீர்கள். மீட்டது மட்டும்தான் மனதில் நிற்கும். இடையில் தங்க விலை ஏற, "அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் தரலாம்" என்று கடைக்காரர் கூப்பிட்டிருப்பார். கடன் இவ்வளவுக்கு வளர்ந்தது பெரும்பாலும் அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். விலை ஏறிய லாபம் அம்மாவுக்கு வரவேண்டியது. அதை நீங்கள் கடனாக வாங்கி லீசிங் கம்பனிக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி வரப்போகும் ஐந்து மாதத்தைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் 240,000. செப்டம்பர் முதல் நவம்பர் வரை 120,000. மொத்தம் 360,000. செலவு ஐந்து மாதத்துக்கு 315,000. அடகு வட்டி மட்டும் 52,000. வானுக்கு ஒரு சதமும் கொடுக்காமலேயே 7,000 குறைகிறது. வானுக்கும் கட்டினால் 182,000 குறையும், நான்காவது சீட்டு எழுதவேண்டி வரும். இந்த நிலையில் யூஎஸ்டிடியில் போட எந்தக் காசு இருக்கிறது?

அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். கிரிப்டோ வியாபாரம் நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. மாதம் 8 வீதம் நிச்சயமாகத் தரக்கூடியவன் ரயில் பெட்டியில் தேத்தண்ணி பரிமாறும் பொடியன்களைத் தேடி வரமாட்டான். உங்களுக்கு வருடம் 24 வீதம் நிச்சயமாகக் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: அந்த அடகுச் சீட்டு. அதை மீட்டால் அவ்வளவு வட்டி மிச்சம். யூனிட் ட்ரஸ்ட், தங்கச் சேமிப்புத் திட்டம் என்று வேறு யாராவது வந்தாலும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

இப்போது வான். சும்மா நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நீங்கள் பிணை. தவணை பிந்தினால் கம்பனி உங்களிடமும் வரும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், கிரிப் என்று சொல்வார்களே, அதில் பிணை நின்ற கடனும் உங்கள் பெயரில் தெரியும். நாளைக்கு நீங்கள் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது: 36 தவணை, உங்கள் பாதி மட்டும் 1,260,000. அத்தானிடம் இந்த எண்ணை யாராவது சொன்னார்களா? உங்களிடமே நீங்கள் சொன்னீர்களா?

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. "சீசன் வந்தால் வானே தன் தவணையைக் கட்டும்" என்று அவர் நம்புகிறார். வான் எல்லவுக்கு ஏற்றிப்போவதும் நீங்கள் ரயிலில் பரிமாறுவதும் அதே சுற்றுலாப் பயணிக்குத்தான். உங்களுக்குக் காசு இல்லாத மாதத்தில் அவருக்கும் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020 கொரோனாவிலும், 2022 எரிபொருள் வரிசையிலும் இரண்டு தொழிலும் ஒன்றாகத்தான் படுத்தன. 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கத் தேவையுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மண்சரிவு மலையகப் பாதையை மூடினாலே உங்கள் நாட் சம்பளம் போய்விடும்.

ஆகவே வானை விற்கவேண்டும், தவணை பிந்தாமல் இருக்கும்போதே விற்கவேண்டும். கம்பனி பறித்து ஏலம் விட்டால் விலை அடிபடும், குறையும் தொகையை உங்கள் இருவரிடமும் கேட்பார்கள். அத்தானைக் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போய், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசலாம். இதற்கு இரண்டு மாதம் போதும். அந்த இரண்டு தவணைக்கு உங்கள் பாதியைக் கட்டுங்கள். கணக்கில் இன்னொரு 70,000 குறையத்தான் செய்யும், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. செப்டம்பரிலிருந்து இல்லை என்று அக்காவும் இருக்கும் இடத்தில் சொல்லுங்கள். வானை வைத்திருந்துதான் ஆகவேண்டும் என்றால், பிணையை மாற்ற வேறு ஆள் கொண்டுவரட்டும். கம்பனி இலகுவில் சம்மதிக்காது, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

அடுத்தது அம்மா. இதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் அவரிடம் 520,000 என்று சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் நகையில் ஒரு பகுதியை விற்காமல் மற்றதை மீட்க வழி இல்லை. வான் நின்றாலும் வட்டி போக உங்களுக்கு மிஞ்சுவது சராசரி 6,600. கடன் குறையக் குறைய வட்டி குறைந்தாலும் மீட்க நான்கு வருடமாவது போகும், தங்கச்சியின் கலியாணம் அதுவரை காத்திருக்காது. மூன்று சீட்டில் ஆகச் சிறியதை முதலில் ஜூலை டிப்ஸில் மீட்டு, அந்த நகையை விற்று, வரும் காசில் அடுத்த சீட்டுக்குப் போங்கள். அடகுக்கடை நகையின் முழுப் பெறுமதிக்குக் காசு தருவதில்லை, அதனால் விற்றால் கையில் மிச்சம் வரும். செட்டியார் தெருவில் மூன்று நகைக்கடையிலாவது விலை கேளுங்கள். கழிவு என்று எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அட்டியலைக் கடைசிவரை விற்காதீர்கள், கலியாணத்துக்கு அதுதான் வேண்டும். கடைசிச் சீட்டுக்குக் காசு காணாவிட்டால் அந்த நகையை அரச வங்கி ஒன்றின் அடகுப் பிரிவுக்கு மாற்றுங்கள். நீங்கள் கட்டும் மாதம் 2 வீதத்தைவிடக் குறைவாக இருக்கும், முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

டிப்ஸ் வரும் யூரோ, பவுண் தாள்களை அந்தந்தக் கிழமையே அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மாற்றி வங்கியில் போடுங்கள். சில்லறை நாணயத்தை யாரும் எடுக்கமாட்டார்கள்; ஊருக்குத் திரும்பும் பயணியிடம் தாளாக மாற்றிக்கொள்ளும் வித்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் தாளாக வைத்திருந்தால் அத்தானுக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வராது.

கடிதத்தில் எழுதாத ஒன்று. ஊழியர் சேமலாப நிதி பிடிக்கிறார்களா? ஒப்பந்தம், சீசன் வேலை, நாட் சம்பளம் என்பதெல்லாம் காரணமில்லை. தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்து உண்டு. உங்களிடம் 8 வீதம், முதலாளி 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர் பக்கமே. அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்தால் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 6,000, மூன்று வருடத்துக்கு 216,000. உங்கள் ஒரு வருடத் துண்டு அது. சம்பளச் சீட்டில் அங்கத்துவ இலக்கம் இல்லையென்றால் முதலில் கம்பனியில் கேளுங்கள், மழுப்பினால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். சீசன் முடிந்து ஆள் குறைக்கும் நேரத்தில் போகாமல், ஆள் தேவைப்படும் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள்.