குட்டிகளின் உதட்டில் பொருக்கு: புண்ணை விட வயிற்றைக் கவனியுங்கள்

கேள்வி: ஐயா, 22 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு மாதக் குட்டிகள் நான்கிற்கு உதட்டிலும் மூக்கோரத்திலும் மரு மாதிரி தடித்து, கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. ஒரு தாய் ஆடு குட்டியைக் கிட்டவே சேர்ப்பதில்லை, உதைக்கிறது. பொருக்கைச் சுரண்டி உப்பு தேய்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா? ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தும் ஏன் வந்தது? நேற்றிலிருந்து என் விரலிலும் ஒரு கொப்புளம்.

பதில்: முதலில், சுரண்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆர்ஃப் என்கிற தொற்று வாய்ப்புண் போலத்தான் இருக்கிறது. பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், ஆறுவது தள்ளிப்போகும், உதிர்கிற ஒவ்வொரு துணுக்கிலும் வைரஸ் இருக்கும். உலர்ந்த பொருக்கில் அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். இந்த வருடம் சுரண்டிப் போட்டது அடுத்த வருடக் குட்டிகளுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

தடுப்பூசியில் தப்பில்லை. ஆட்டம்மை வைரஸ் வேறு, இது அதே குடும்பத்தில் வேறு பிரிவு, அந்த ஊசி இதைத் தடுக்காது.

புண் பெரும்பாலும் 3, 4 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆன்டிபயாடிக்கும் அதை ஒன்றும் செய்யாது, புண்ணில் சீழ் பிடித்தால் மட்டும்தான் அதற்கு வேலை. அப்புறம் எதனால் குட்டி சாகிறது என்றால், பசியால். வாய் வலியில் குட்டி ஊம்பாது. ஊம்பினாலோ நோய் காம்பில் ஏறிவிடும், காம்பு எரிகிற தாய் உதைத்துத் தள்ளும். பால் மடியிலேயே தேங்கி மடிநோய் வரும், ஒரு பக்கம் குட்டி காயும், இன்னொரு பக்கம் மடி கெடும். உங்கள் ஆடு உதைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. இன்றைக்கே மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, கல் மாதிரி இருந்தாலோ, பால் திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலோ மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மடி நீலம் பாய்ந்து சில்லென்று இருந்தால் ஆட்டின் உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பசித்த குட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வேறு ஆட்டிடம் ஊட்ட விடுவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் நோய் ஆடு ஆடாகப் பரவுவது அப்படித்தான். பாலைக் கறந்து, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, புட்டியில் கொடுங்கள், ஒவ்வொரு குட்டிக்கும் தனி ரப்பர் காம்பு இருக்கட்டும். 4 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 600 மில்லி, நாலு தடவையாகப் பிரித்து. தழை கடிக்கிற குட்டிகளுக்கு முள்ளும் முரட்டுத் தண்டும் இல்லாத இளந்தழை போடுங்கள், உதட்டில் விழும் சின்னக் கீறல் வழியாகத்தான் இந்த வைரஸ் உள்ளே போகிறது.

புண்ணுக்கு வெளியில் பொவிடோன் அயோடின் தடவினால் போதும். ஈ மொய்க்க விடாதீர்கள், புழு வைத்துவிட்டால் சின்னப் புண்ணும் பெரிய குழியாகிவிடும். குளம்பு ஓரத்தையும் பாருங்கள், அங்கே புண் வந்தால் நொண்டும். காய்ச்சல், மூக்கொழுக்கல், கழிச்சல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம், வாய்க்குள் கொப்புளம் உடைந்து நிறைய ஆடுகள் ஒன்றாக நொண்டினால் கோமாரியாக இருக்கலாம். அப்போது என் பதிலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், மருத்துவர் நேரில் பார்க்கட்டும்.

நோயுள்ள குட்டிகளையும் அவற்றின் தாய்களையும் தனியாகக் கட்டுங்கள். நல்ல ஆடுகளுக்கு முதலில் தீவனம், கறவை எல்லாம் முடித்துவிட்டு இவற்றிடம் கடைசியாகப் போங்கள். உதிர்ந்த பொருக்கையும் படுக்கைக் கூளத்தையும் கூட்டி எரித்துவிடுங்கள், தொட்டி, கயிறு எல்லாம் நன்றாகக் கழுவுங்கள். இனி வாங்குகிற ஆட்டை 3, 4 வாரமாவது தள்ளி வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள், அனேகமாக அந்த வழியில்தான் இது உள்ளே வருகிறது. இதற்கென்று தனித் தடுப்பூசி உண்டு, ஆனால் அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். வருடா வருடம் நோய் வருகிற மந்தைக்குத்தான் அது, நோயே இல்லாத மந்தையில் போட்டால் நாமே நோயைக் கொண்டுவந்து விட்ட மாதிரி.

சரி, உங்கள் விரல். இது மனிதருக்கும் ஒட்டும். கையுறை போடாமல் இனி அந்தக் குட்டிகளைத் தொடாதீர்கள், வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் கொஞ்ச விடாதீர்கள். கொப்புளத்தைக் குத்தவோ கீறவோ வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி மூடி வையுங்கள், பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். காய்ச்சல் வந்தாலோ, கையில் சிவப்புக் கோடு ஏறினாலோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறவராக இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, ஆட்டின் வாய்ப்புண்ணைத் தொட்டேன் என்று சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட வாய்ப்பிருக்கிறது.