கையைக் கடிக்காத ஏபிஐ கேட்வே: வாசகர் கேள்வி-பதில்

பாத்திரக்கடையின் இணைய விற்பனைக்கு இரண்டு சர்வீஸ்கள் ஓடுகின்றன. மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் எந்தக் கேட்வே வைக்கலாம்? (கும்பகோணம்)

வரும் கோரிக்கைகளை எல்லாம் முதலில் வாங்கி, உரிய சர்வீஸுக்கு அனுப்பும் வாசல்தான் ஏபிஐ கேட்வே. இரண்டு சர்வீஸுக்கு அது எதுவும் வேண்டாம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் போதும்.

காங், டைக், கிராக்கன்டி, அபிசிக்ஸ். இந்த நான்கு கேட்வேக்களில் எது சிறந்தது? (திருவாரூர்)

எத்தனை சர்வீஸ், சர்வரில் எத்தனை ஜிபி ராம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று ஒரு வரிகூட எழுதாமல் மொட்டையாகக் கேட்டால் என்ன சொல்வது? நான்கையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். செலவு வைப்பது கூடவே வரும் பரிவாரம்தான். டைக், ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் இல்லாமல் நகராது. அதன் டாஷ்போர்டுக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும். அபிசிக்ஸ் வழக்கமாக எட்சிடி என்ற சேமிப்பகம் கேட்கும். காங், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கேட்கும். டேட்டாபேஸ் இல்லாத முறையில் அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரே யாமல் கோப்போடும் ஓடிவிடும். கிராக்கன்டிக்கு டேட்டாபேஸே கிடையாது. சிறிய சர்வர் என்றால் டேட்டாபேஸ் இல்லாத காங், இல்லையென்றால் கிராக்கன்டி.

அறுவடை இயந்திர வாடகைக்கான செயலி எங்களுடையது. இரண்டு சர்வர்களில் கிராக்கன்டி. ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்று வரம்பு வைத்தும் 120 வரை போகிறதே? (மன்னார்குடி)

ஒவ்வொரு சர்வரும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. சர்வருக்கு 30 என்று பிரித்துவிடுங்கள். தை, மாசி நெருக்கடி முடிந்து ஒரு சர்வரை நிறுத்தும்போது 60 ஆக்குங்கள். ஐபி முகவரியை வைத்து மட்டும் எண்ணாதீர்கள். செல்போன் நெட்வொர்க்கில் நூறு பேர் ஒரே ஐபியில் வருவார்கள்; ஒரத்தநாட்டுக்காரர் தட்டித் தள்ளியதற்கு நீடாமங்கலத்துக்காரருக்கு 'வரம்பு மீறல்' என்ற 429 பிழை போகும்.

மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் காங் நிறுவினோம். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 80, 443 மட்டுமே திறந்திருக்கின்றன. ஆனாலும் யாரோ புதிய ரூட் (கோரிக்கை போகும் வழி) சேர்த்திருக்கிறார்கள். எப்படி? (மயிலாடுதுறை)

நிர்வாக போர்ட்டை மூடுங்கள், மூடுங்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. காங்கின் நிர்வாக ஏபிஐ 8001-ல் நிற்கும். இயல்பில் அது உள்முகவரியில் மட்டும்தான் கேட்கும். அதை எல்லா முகவரிக்கும் திறக்கும் 0.0.0.0 என்று மாற்றும் கட்டளையை எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டியிருப்பீர்கள். சர்வரிலும் "8001:8001" என்று போர்ட்டைத் திறந்திருப்பீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் யூஎஃப்டபிள்யூவின் விதிகளுக்குக் கட்டுப்படாது; லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதித்தொகுப்பில் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளும். ஃபயர்வால் பட்டியல் சுத்தமாகத் தெரியும், வாசலோ திறந்தே கிடக்கும். திறமூலப் பதிப்பில் அந்த ஏபிஐக்குக் கடவுச்சொல்லும் கிடையாது. "127.0.0.1:8001:8001" என்று மாற்றுங்கள். பிறகு உங்கள் செல்போன் டேட்டாவிலிருந்து சர்வரின் வெளி முகவரியை 8001 போர்ட்டோடு திறந்து பாருங்கள். பதில் வரவே கூடாது. ரூட், கூடுதல் வசதியான ப்ளக்இன், பயனராகப் பதிந்த கன்ஸ்யூமர் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், சாவிகளை எல்லாம் மாற்றுங்கள். அபிசிக்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். அதன் பழைய பதிப்புகளில் நிர்வாகச் சாவி எல்லோருக்கும் ஒன்றே. 2020-லேயே அது பாதுகாப்புக் குறையாகப் பதிவாகிவிட்டது. அந்தச் சாவியை மாற்றாத சர்வர்களை இன்றும் பார்க்கிறேன்.

புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்றிவிடலாமா? (பாபநாசம்)

பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே. மற்றவை பொறுக்கும்.

கட்டளை எழுதத் தெரியாது. இலவசமாகத் திரையில் பார்த்து இயக்க ஏதாவது உண்டா? (நாகப்பட்டினம்)

காங் 3.4-லிருந்து காங் மேனேஜர் என்ற நிர்வாகத் திரை திறமூலப் பதிப்பிலேயே வருகிறது. டேட்டாபேஸ் இல்லாத முறையில் அதில் பார்க்கலாம், மாற்ற முடியாது. 8002-ல் நிற்கும். அதையும் வெளியே திறந்து வைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.